கிடைத்த கட்டையில் சிற்பம்: நார் போகும் வழியே உளி

மரத்தில் செதுக்குபவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் மரக்கடைக்குப் போய், நேராக அறுத்து நன்றாகக் காயவைத்த கட்டையை வாங்கி வருவார். பிள்ளையார் செய்யப்போகிறோம் என்பது முன்பே முடிவாகியிருக்கும். படம் வரைந்து, அளவு போட்டு, வேண்டாததை வெட்டி எடுப்பார். இன்னொருவரிடம் படம் எதுவும் இருக்காது. ஆற்று முகத்துவாரத்தில் ஒதுங்கிய வேர், காற்றில் முறிந்த மாங்கிளை, வேலியோரம் வெட்டிப் போட்ட கொய்யாக் கவை என்று கிடைத்ததைத் தூக்கி வருவார். அதில் ஏற்கெனவே இருக்கிற வளைவையும் கணுவையும் பார்த்துத்தான் என்ன செய்வது என்றே தீர்மானிப்பார். இந்தக் கட்டுரை இரண்டாவது ஆளுக்கானது.

இந்தக் கலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "கட்டையைப் பார்த்ததும் அதுக்குள்ள ஒரு பறவை தெரிஞ்சுது" என்று யாராவது சொல்வார்கள். தெரியட்டும், தப்பில்லை. ஆனால் வெளிக்கோடு பறவை மாதிரி இருப்பதால் மட்டும் அந்தக் கட்டையிலிருந்து பறவை வந்துவிடாது. அலகு இருக்கவேண்டிய இடத்தில் நார் குறுக்கே ஓடினால், மெழுகு போட்டுத் துடைக்கும்போதே அலகு உடைந்து கையோடு வந்துவிடும். உருவம் கண்ணுக்குத் தெரிவது பாதி வேலைகூட இல்லை. நார் எங்கே புறப்பட்டு, எங்கே வளைந்து, எங்கே போய் முடிகிறது என்று பார்க்கத் தெரிவதுதான் இதில் முதல் பாடம். கடைசிப் பாடமும் கிட்டத்தட்ட அதுதான்.

நார் என்ன செய்கிறது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழர்களுக்கு இதைக் கரும்பை வைத்துச் சொன்னால் போதும். 1860இல் நம் ஆட்களை முதன்முதலாக இங்கே கொண்டுவந்து இறக்கியதே கரும்புத் தோட்டத்துக்குத்தானே. கரும்பின் தோலைப் பல்லால் கடித்து இழுத்தால் நீளவாக்கில் சரசரவென்று உரிந்து வருகிறது. குறுக்கே துண்டாக்க வேண்டுமென்றால் கத்தி வேண்டும். மரமும் அப்படித்தான். வேரிலிருந்து இலைக்கு நீர் கொண்டுபோகும் நுண்குழாய்களும், மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் நீண்ட செல்களும் கட்டுக்கட்டாக நீளவாக்கில் ஒட்டிக்கிடக்கின்றன. இந்தக் கட்டுகளைத்தான் நார் என்கிறேன். நீளவாக்கில் இழுத்தால் மரம் எவ்வளவு தாங்குமோ, குறுக்குவாக்கில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது.

இதிலிருந்து ஒரே ஒரு விதி பிறக்கிறது. சிற்பத்தில் எது மெலிந்த பகுதியோ, அது நாரின் போக்கிலேயே இருக்கவேண்டும். பறவையின் கால், மானின் கொம்பு, கரண்டியின் காம்பு எதுவானாலும் சரி. தடித்த உடம்பில் நார் எப்படிப் போனாலும் பெரிய ஆபத்தில்லை. மெலிந்த இடத்தில் நார் குறுக்கே போனால், அது இன்றோ நாளையோ முறியும்.

இந்த விதியைச் சிற்பிகளைவிட உழைக்கிறவர்கள் முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் மரக்கலப்பை செய்த ஆசாரிகள், இயல்பாகவே வளைந்து வளர்ந்த கருவேலங்கட்டையைத் தேடித் திரிந்தார்கள். நேரான கட்டையிலிருந்தும் வளைவை அறுத்து எடுக்கலாம்தான். ஆனால் வளைகிற இடத்தில் நார்கள் அறுந்துபோகும். மாடு இழுக்கிற இழுப்பில் கலப்பை முறிவது அங்கேதான். தானாக வளைந்த கட்டையிலோ, நாரும் சேர்ந்தே வளைந்திருக்கும்.

இங்கே ஜூலு மக்கள் வைத்திருக்கும் இவிசா என்ற குண்டாந்தடியைப் பாருங்கள். தடியும் தலைக் குண்டும் ஒரே மரம். கிளை பிறக்கும் கணுவையோ, வேர் திரண்டிருக்கும் அடியையோ பார்த்து எடுத்தால், தடியிலிருந்து நார் அறுபடாமல் குண்டுக்குள் போய்ச் சுருண்டு இறுகியிருக்கும். பசை வைத்து ஒட்டிய குண்டு ஒரே அடியில் பறக்கும், இது பறக்காது. அழகுக்காகச் செய்த சிற்பத்துக்கும் இதே கணக்குத்தான். அதை யாரும் ஓங்கி அடிப்பதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

வளைவும் கணுவும் எப்படி வந்தன

கட்டையைப் படிக்க வேண்டுமென்றால், அது எப்படி வளர்ந்தது என்று கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

கணு என்பது ஒரு கிளையின் அடிப்பகுதி. கிளை பிறந்தபிறகும் அடிமரம் பருத்துக்கொண்டே போவதால், கிளையின் வேர்ப்பகுதி மரத்துக்குள் ஒரு கூம்பாகப் புதைந்துபோகிறது. ஆற்றுநீர் ஒரு பாறையைச் சுற்றிப் பிரிந்து போவது போலத்தான் அடிமரத்தின் நார் கணுவைச் சுற்றி விலகிப் போகிறது என்று பலரும் சொல்வதுண்டு. நான் சொல்வது அதைவிட எளிது: கணு இருந்தால் அதைச் சுற்றி நார் திசை மாறும், அங்கே உளியும் திசை மாறவேண்டும். கிளை உயிரோடு இருந்தபோது உண்டான கணு மரத்தோடு இறுகியிருக்கும். கிளை பட்டுப்போனபிறகு மரம் மூடிக்கொண்ட கணு, காய்ந்ததும் தளர்ந்து தனியே விழும். தளர்ந்த கணுவைக் கண்ணாக வைத்து மீன் செய்யாத ஆரம்பக்காரர் அனேகமாக இல்லை. செய்து முடியுங்கள், அடுத்ததற்குப் போகலாம்.

கவை, அதாவது தண்டு இரண்டாகப் பிரியும் இடம், மிகவும் வளமான இடம். இரண்டு பக்கத்து நாரும் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன. அறுத்துப் பார்த்தால் இறகு விரித்த மாதிரி கோலம் தெரியும். அதே சமயம் கவை மிகக் குறுகலாக இருந்தால் இடுக்கில் பட்டை மாட்டிக்கொண்டிருக்கும். வெளியே ஒன்றாகத் தெரியும் இரண்டு கிளைகள் உள்ளே ஒட்டியிருக்கவே இருக்காது. இடுக்கில் உள்நோக்கி மடங்கிய கறுப்புக் கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

சாய்ந்து வளர்ந்த கிளையில் இன்னொரு சமாசாரம் உண்டு. தன்னைத் தூக்கிப் பிடிக்க மரம் ஒரு பக்கத்தில் தனி வகையான மரச்சதையை வளர்க்கிறது. மா, கொய்யா போன்ற அகன்ற இலை மரங்களில் இது சாய்வின் மேற்பக்கம் இருக்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் கீழ்ப்பக்கம். குறுக்கே அறுத்த முகத்தில் ஆண்டு வளையங்கள் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் நெருங்கியும் இருந்தால், கட்டை சாய்ந்து வளர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட பகுதி காயும்போது நீளவாக்கிலும் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அகன்ற இலை மரமானால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது வழவழப்பாகாமல் பஞ்சு பஞ்சாகப் பிசிறும். கத்தி மழுங்கிவிட்டதோ என்று நினைப்பீர்கள், கத்தியில் குற்றமில்லை.

அப்புறம் வைரமும் வெளிறும். நடுவிலுள்ள கருத்த வைரம் கெட்டி. பூச்சி அவ்வளவு சீக்கிரம் தொடாது. சுற்றியுள்ள வெளிறு மென்மையானது, வண்டு முதலில் துளைப்பதும் அதைத்தான். செதுக்கும்போது வெளிறைக் கொஞ்சம் விட்டுவைத்தால் இரண்டு நிறம் கிடைக்கும். துளைகளிலிருந்து மாவு கொட்டினால் விட்டுவைக்காதீர்கள்.

ஆறு செதுக்கித் தரும் கட்டை

டர்பனில் உம்கேனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூன் பக்கம், கோடை மழைக்குப் பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள். நாணல், கரும்புச் சக்கை, பிளாஸ்டிக் இவற்றுக்கு நடுவே வேரோடு பிடுங்கப்பட்ட மரங்கள் கிடக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கடற்கரை முழுக்கக் கட்டைகளாகவே இருந்தது. அந்த வெள்ளம் கொண்டுபோன உயிர்களை நினைத்தால், அதிலிருந்து ஒரு கட்டையை எடுத்து வந்து அலங்காரம் செய்ய எல்லோருக்கும் மனம் வராது. அதுவும் நியாயம்தான்.

ஆரம்பக்காரருக்கு ஒதுங்கிய கட்டையைப்போல நல்ல வாத்தியார் கிடையாது. ஏனென்றால் நாரைப் படிக்கும் வேலையில் பாதியை ஆறே செய்துவிட்டிருக்கும். மணலும் கல்லும் உரசும்போது மென்மையான பகுதி முதலில் தேய்கிறது, கெட்டியான பகுதி நின்றுவிடுகிறது. பட்டை போயிருக்கும், வெளிறில் பெரும்பகுதி போயிருக்கும், கணுக்கள் மட்டும் முளை முளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வளையங்களுக்கு இடையே பள்ளம் விழுந்து, நார் ஓடும் பாதை விரலால் தடவினாலே தெரியும்.

மேலே தெரியும் சாம்பல் நிறத்தைப் பார்த்து உள்ளேயும் அப்படித்தான் என்று நினைக்கவேண்டாம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது, மிஞ்சுவது வெளுத்த நார். இது மேல்தோல் அளவுதான். கத்தியால் ஒரு சீவு சீவினால் சிவப்போ மஞ்சளோ பழுப்போ பளிச்சென்று வெளிவரும். சாம்பலை எங்கே விடுவது, எங்கே சீவி நிறத்தைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பதே ஒரு முழுச் சிற்பமாக ஆகலாம். என் ரசனையில், கட்டையின் முக்கால் பங்கை அப்படியே விட்டுவிட்டு ஒரே ஓர் இடத்தில் உளி வைத்த வேலைகள்தான் நெடுநாள் பார்க்கத் தூண்டுகின்றன. எல்லா இடமும் பாலிஷ் போட்டுப் பளபளவென்று நிற்கும் கட்டையில், ஆறு செய்த வேலை காணாமல் போய்விடுகிறது.

கடற்கரைக் கட்டையில் உப்பும் மணலும் ஏறியிருக்கும். மணல் உளியின் வாயைக் கெடுக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் கட்டை சரியாகக் காயாது. இரும்புத் தூரிகையால் தேய்த்துவிட்டு, ஒரு டிரம்மில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மழைக்குப் பிறகு ஆற்றில் சாக்கடையும் கலந்து வருகிறது, அதனால் எடுக்கும்போதே கையுறை போட்டுக்கொள்வது நல்லது. கடலில் ஊறிய கட்டையின் மிச்சத்தை, இறைச்சி வாட்டும் பிராய் அடுப்பில் போடாதீர்கள். உப்பு சேர்ந்த மரம் எரிந்தால் வரும் புகை நல்லதல்ல.

எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

தரையில் கிடப்பது எல்லாம் பொதுச்சொத்து என்ற நினைப்பு இங்கே செல்லாது. 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட மரங்களின் பட்டியல் ஒன்று உண்டு. லெட்வுட், மருலா, பாவோபாப், ஒட்டக முள்மரம், யெல்லோவுட், ஸ்டிங்க்வுட் எல்லாம் அதில் வருகின்றன. சில அலையாத்தி மரங்களும் அதில் உண்டு. புளூ லகூனுக்கு எதிர்க்கரையிலுள்ள பீச்வுட் அலையாத்திக் காடே ஒரு பாதுகாப்புப் பகுதிதான். உரிமம் இல்லாமல் இந்த மரங்களை வெட்டுவது மட்டும் குற்றமல்ல. அவற்றின் கட்டையைப் பொறுக்குவது, வைத்திருப்பது, வண்டியில் ஏற்றிப்போவது, விற்பது எல்லாமே குற்றம். லெட்வுட் தண்ணீரில் மூழ்குமளவு கனமான மரம். பட்டுப்போனபிறகும் பல நூறு ஆண்டு அப்படியே நிற்கும். சுற்றுலா போகிற வழியில் அதைப் பார்த்து ஆசை வரத்தான் செய்யும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதில் நம் வீட்டைச் சுற்றியே ஏராளம் இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ மாமரம், லிச்சி, வெண்ணெய்ப்பழ மரம் இல்லாத தெரு இருக்கிறதா? ஒவ்வொரு வருடமும் யாராவது கிளை கழிக்கிறார்கள். கொய்யா, ஜகரண்டா, சிரிங்கா இவையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்து காடுகளுக்குள் பரவும் மரங்கள். வெட்டுவதால் யாருக்கும் வருத்தமில்லை. ஜகரண்டா மென்மையாக, சீராகச் செதுக்க வரும். பழகுவதற்கு அதைவிட நல்ல மரம் இங்கே குறைவு. கொய்யா கெட்டி, ஆனால் நார் நெருக்கமாக இருப்பதால் சின்ன வேலைக்கு அருமை. மாங்கட்டையில் நார் அங்கங்கே மாறிமாறி ஓடும். பெரிய, மொத்தமான உருவத்துக்குப் பரவாயில்லை.

இரண்டு எச்சரிக்கை. கோயில் பூவுக்காக நாம் வளர்க்கும் அரளி உடம்பு முழுக்க நஞ்சு. அதில் கரண்டியோ பொம்மையோ செய்யவே கூடாது. இன்னொன்று டம்போட்டி. கறுப்புக் கோடுகளோடு பார்க்க அழகான, மணமான மரம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, தூளும் எரிச்சல் தரும். அதன் விறகில் சமைத்தால் வயிற்றைக் கெடுக்கும். பெயர் தெரியாத கட்டையைத் தேய்க்கும்போது மாஸ்க் போட்டுக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

லிம்போபோவின் இருவர்

இந்த முறையில் பெரிய அளவில் வேலை செய்தவர்களைப் பார்க்க வெளிநாடு போகவேண்டியதில்லை. லிம்போபோ மாகாணத்தின் எம்போகோட்டா கிராமத்தில் வாழ்ந்த ஜாக்சன் ஹ்லுங்வானி 1923இல் பிறந்து 2010இல் மறைந்தவர். சிற்பியாக இருந்ததோடு தேவாலயப் போதகராகவும் இருந்தார். குன்றின்மேல் இருந்த பழைய கற்சுவர்களுக்கு நடுவே புதிய ஜெருசலேம் என்ற வழிபாட்டிடத்தைக் கட்டி, அதைத் தன் மரச்சிற்பங்களால் நிரப்பினார். 1985இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த டிரிபியூட்டரீஸ் கண்காட்சிக்குப் பிறகுதான் நகரத்து ஆட்களுக்கு அவரைத் தெரிந்தது. அவருடைய மீன்களைப் பார்த்தால் நாம் பேசுகிற விஷயம் புரியும். அடிமரத்தின் வளைவே மீனின் முதுகாக இருக்கும், வெடிப்பை மறைத்திருக்கமாட்டார், உளி பதிந்த தடம் அப்படியே நிற்கும்.

அதே மாகாணத்தில் வெண்டா பகுதியைச் சேர்ந்த நோரியா மபாசா 1938இல் பிறந்தவர். முதலில் களிமண்ணில் வேலை செய்தார், பிறகு மரத்துக்கு வந்தார். அங்கே மரம் செதுக்குவது ஆண்களின் வேலையாகவே இருந்த காலம் அது. 1987இல், டர்பன் இருக்கும் நட்டாலில் வந்த பெருவெள்ளத்தை மனத்தில் வைத்து அவர் செய்த கார்னேஜ் என்ற சிற்பத்தில், ஒரே பெருமரத்தில் மனித உடல்கள் ஒன்றோடொன்று பின்னிப் புரள்கின்றன. பல உருவங்களை ஒரே கட்டையிலிருந்து எடுக்கும்போது, கிளைகளும் வேர்களும் போன போக்குத்தான் கை கால்களுக்கு வழி காட்டமுடியும். நட்டாலின் வெள்ளத்தைப் பற்றிய வேலை என்பதால் நம் பக்கத்து ஆட்கள் பார்க்கவேண்டியது என்று நினைக்கிறேன்.

கட்டை ஏன் வெடிக்கிறது

பச்சை மரத்தில் நீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. செல்களின் வெற்றிடத்தில் நிற்கும் நீர் முதலில் போகும். அதனால் மரம் சுருங்குவதில்லை. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் செல் சுவரிலுள்ள நீர் போகத் தொடங்குகிறது. சுருக்கமும் அப்போதுதான் தொடங்கும். தொல்லை என்னவென்றால், மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மையத்திலிருந்து பட்டை நோக்கி, சராசரியாக 4 சதவீதம். வளையங்களின் சுற்றுவாக்கில் அதைப்போல் இரண்டு மடங்கு. சுற்றளவு அதிகம் சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இருக்கும் மரம் விடமாட்டேன் என்கிறது. கடைசியில் பட்டையிலிருந்து மையம்வரை ஆப்பு வடிவில் ஒரு வெடிப்பு விழுகிறது. முழு உருளைக்கட்டை வெடிக்காமல் காய்ந்தால் அதுதான் ஆச்சரியம்.

செய்யக்கூடியது இவ்வளவுதான்: மையத்தின் வழியே இரண்டாகப் பிளந்து காயவைத்தால் சுருங்குவதற்கு இடம் கிடைக்கும். முழுதாகவே வேண்டுமென்றால் பின்புறமோ அடிப்புறமோ குடைந்து விடலாம். அறுத்த இரண்டு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்ட்டோ தடவவேண்டும். நாரின் வாய் திறந்திருக்கும் முனை வழியேதான் ஈரம் மிக வேகமாக வெளியேறும். பிறகு நிழலில், காற்றாட, தரையில் படாமல் அடுக்கவேண்டும். ஏற்கெனவே வெடித்த கட்டை கிடைத்தால் வருத்தப்படாதீர்கள். அது தன் வெடிப்பை முன்கூட்டியே காட்டிவிட்டது, அதை வைத்தே திட்டம் போடலாம். வெடிப்பும் நாரின் வழியேதான் ஓடும்.

டர்பனின் ஈரக்காற்றில் முழுக்கக் காய்ந்ததாகத் தோன்றும் சிற்பம், ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம் சுருங்கும். ஜோகன்னஸ்பர்க் அடங்கிய கௌட்டெங் மாகாணத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பரிசாக அனுப்புபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கொய்யாக் கட்டை, ஓர் அகப்பை

பேசியதெல்லாம் கையில் பிடிபட, முதல் வேலையாக ஓர் அகப்பை செய்வதைச் சொல்வேன். சிற்பம் என்று ஆரம்பித்துவிட்டு அகப்பையா என்று கேட்கலாம். நார் சரியாக இருந்தால் குழம்பு கிண்டும்போது தாங்கும், தவறாக இருந்தால் முறியும். அலமாரியில் நிற்கும் பறவை இந்தத் தீர்ப்பைச் சொல்லாது.

மணிக்கட்டு அளவு தடிமனுள்ள தண்டிலிருந்து கட்டைவிரல் அளவு கிளை பக்கவாட்டில் பிரியும் கொய்யாத் துண்டு வேண்டும். இதற்கு மட்டும் பச்சையாக இருந்தால் நல்லது, மென்மையாக வெட்டவரும். தண்டு அகப்பையின் குழிப்பகுதி ஆகப்போகிறது, கிளை காம்பு ஆகப்போகிறது. குழியும் காம்பும் சேருகிற கழுத்தில்தான் எல்லா அகப்பையும் முறியும். இங்கேயோ தண்டிலிருந்து கிளைக்கு நார் தானாகவே திரும்பிப் போகிறது.

முதலில் பட்டையை உரியுங்கள். கொய்யாவின் பட்டை மெல்லிய காகிதமாக வரும். உள்ளே இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு மரத்தில் மயிரிழை போன்ற கோடுகள் தெரியும். அவை கழுத்தில் எப்படி வளைகின்றன என்று பென்சிலால் மேலேயே வரைந்துகொள்ளுங்கள். கோடு சரியாகத் தெரியவில்லையென்றால் முனையில் ஒரு சிம்பைக் கத்தியால் கிளப்பி இழுங்கள். சிம்பு கிழிந்து போகும் திசைதான் நார். கண் ஏமாறினாலும் இது ஏமாற்றாது. பிறகு தண்டை மையத்தின் வழியே இரண்டாகப் பிளந்து, கிளை ஒட்டிக்கொண்டிருக்கும் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். நடுவே இருக்கும் சோற்றுப் பகுதியை மிச்சமில்லாமல் சீவிவிடவேண்டும். அது இருந்தால் அங்கிருந்து வெடிக்கும்.

வெளிப்புறத்தைச் சீவும்போது கத்தி எப்போதும் தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்தை நோக்கிப் போகட்டும், சரிவில் இறங்குகிற மாதிரி. அப்படிப் போனால் வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் கீழே இருக்கும் நார் முட்டுக்கொடுக்கும். சுருள் சுருளாகச் சீவல் வரும், மேற்பரப்பு மினுங்கும். எதிர்த்திசையில் போனால் கத்தி நாருக்கு அடியில் புகுந்து, வெட்டாமல் பிளக்கத் தொடங்கும். டப்டப்பென்று விட்டுவிட்டுச் சத்தம் வரும், சிராய் கிளம்பும். எங்கள் தெருவில் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் இருக்கிறார். யாராவது பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவதைப் பார்த்தால், "தம்பி, கத்தி போகலன்னா கத்திய ஏன் திட்டுற, கட்டையத் திருப்பு" என்பார். கழுத்தில் ஒரு பக்கம் இந்தத் திசை, மறுபக்கம் அதற்கு எதிர்த்திசை என்று கட்டையை அடிக்கடி திருப்பவேண்டியிருக்கும். அதற்குச் சலித்துக்கொண்டால் நடக்காது.

குழியை வளைந்த உளியால், நாருக்குக் குறுக்கே குடையுங்கள். நீளவாக்கில் குடைந்தால் உளி நாரைப் பிடித்துக்கொண்டு விளிம்புவரை பிளந்துவிடும். குறுக்கே என்றால் சின்னச் சின்னச் சில்லாக, சொன்ன இடத்தில் நிற்கும். இரு விளிம்பிலிருந்தும் நடுப்பள்ளம் நோக்கியே வாருங்கள். உளியைப் பிடிக்காத கை, உளியின் முன்னால் இருக்கக்கூடாது. சிறு துண்டைக் கையில் வைத்துக் குடையாமல் இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டிக் குடையுங்கள். மழுங்கிய உளிதான் அதிகம் காயப்படுத்தும். அதிகம் அழுத்தவைத்து, சட்டென்று வழுக்கும்.

உருவம் வந்ததும் ஒரு காகிதப் பையில் போட்டு, வாயை மடித்து, ஓரிரு வாரம் மெதுவாகக் காயவிடுங்கள். கழுத்தை முதலில் தடிப்பாகவே விட்டு, காய்ந்தபிறகு மெலியச் செய்யலாம். அப்புறம் உப்புத்தாள்: 120, 180, 240 என்று ஏறிப்போய், கடைசியில் நாரின் திசையிலேயே தேய்க்கவேண்டும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் படுத்திருந்த நார்முனைகள் எழுந்து சொரசொரப்பாகும். காய்ந்ததும் மீண்டும் தேய்த்தால், பிறகு குழம்பில் நனைந்தாலும் அவ்வளவாக எழாது.

அடுத்த கட்டையை என்ன செய்வது

அகப்பை கைவந்தபிறகு உருவங்களுக்கு வாருங்கள். அப்போதும் உடனே உளியை எடுக்கவேண்டாம். முதலில் மக்கிய பகுதியை முழுக்கச் சுரண்டி எடுங்கள். திருப்புளி முனையால் குத்திப் பார்த்தால் எங்கே புதைகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியும். கெட்டி மரத்தின் உண்மையான உருவம் இதற்குப் பிறகுதான் தெரியவரும். முன்பு நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட பறவையின் இறக்கை முழுக்க மக்கலாகவே இருந்திருக்கலாம். பிறகு கட்டையைத் தலைகீழாகவும், படுக்கையாகவும், பின்புறமாகவும் நிறுத்திப் பாருங்கள். சாக்பீஸால் நாரோட்டத்தைக் கோடு போடுங்கள், எங்கே திசை மாறுகிறதோ அங்கே ஒரு குறி. இந்தக் கோடுகளைப் பார்த்தபடி, மெலிந்த பகுதி எங்கே வரலாம் என்று முடிவு செய்யுங்கள். உருவம் எது என்பது அதற்கு அடுத்த கேள்வி. நார் அனுமதிக்கிற இடத்தில் கழுத்து வைத்தால் கொக்கு வரலாம். அனுமதிக்காவிட்டால் கழுத்தை உடம்போடு ஒட்டித் தூங்குகிற கொக்காகச் செய்யலாம். ஒன்றுமே தோன்றவில்லையா, கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். மழைக்காலம் வரை கிடந்தால் என்ன, கட்டைக்கு அவசரமில்லை, காயத்தானே போகிறது.

மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். வார்னிஷ் அடித்தால் வெளுத்த சாம்பல் மரம் நனைந்தது போல் கறுத்துவிடும். மரத்தின் சாம்பல் நிறம் வேண்டுமென்றால் அந்த இடத்தில் எண்ணெயே தொடக்கூடாது, வெறும் மெழுகை லேசாகத் தேய்த்தால் போதும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் உண்டாகிறது. சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்துப்போனபிறகு குப்பையில் போடுங்கள்.